கேட்டுப் பரிமாறுவோம்!

(மேனிலை இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுதியது)

"பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்று நம் பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எங்கள் வீட்டிலோ இப்பழமொழியின் முற்பாதி வேடிக்கையன்று. அது ஒரு மருத்துவ விதி. பத்து வயதாகும் என் தங்கை எந்த விருந்துக்குச் சென்றாலும் முதல் பந்தியில், முதல் ஆளாக, கரண்டிகள் ஒன்றோடொன்று கலக்குமுன் பரிமாறப்பட வேண்டியவள். அதற்கான காரணத்தைச் சொல்லி, என் மனத்தில் உள்ள ஒரு கருத்தையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

அன்புத் தோழியரே! மதிப்பிற்குரிய அருட்சகோதரிகளே! பெற்றோரே! கூடி உண்பதில் நமக்குள்ள இன்பம் பெரிது. கிறிஸ்து பிறப்பு விழா, பாஸ்கா, ஞானஸ்நானம், புதுநன்மை, திருமணம், ஊர்க்கோயில் அசனம் என்று ஆண்டு முழுவதும் இலை விரிந்துகொண்டே இருக்கிறது. வேண்டாம் என்பவரையும் வற்புறுத்தி இன்னொரு கரண்டி போடுவதே அன்பின் அடையாளம் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த அன்பே ஒரு குழந்தைக்குத் தீங்காகுமா? ஆகும் என்பதை நான் கண்ணால் கண்டேன்.

என் தங்கைக்கு நான்கு வயதானபோது வயிறு மட்டும் உப்பியிருக்க, கை கால்கள் மெலிந்துகொண்டே வந்தன. அடிக்கடி வயிற்றுப்போக்கு. இரும்புச்சத்து மருந்து எவ்வளவு கொடுத்தும் சோகை தீரவில்லை. அவளோடு ஒத்த பிள்ளைகள் எல்லாம் வளர, அவள் மட்டும் வளரவில்லை. "வயிற்றுப் பூச்சி" என்றனர் சிலர். "கண்ணேறு" என்றனர் சிலர். இரண்டு ஆண்டுகள் இப்படியே ஓடின. 2021-ஆம் ஆண்டில் ஒரு குழந்தை மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்வித்தார். பின்னர் என்டாஸ்கோப்பி மூலம் சிறுகுடலிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சோதித்து, இது சீலியாக் நோய் என்று உறுதி செய்தார்.

கோதுமையிலும், பார்லியிலும், ரை என்னும் தானியத்திலும் பசைத்தன்மையுள்ள ஒரு புரதம் இருக்கிறது. அதற்குக் குளூட்டன் என்று பெயர். மாவைப் பிசையும்போது இழுவை கொடுப்பது அதுதான். நமக்கு அது உணவு. ஆனால் சீலியாக் நோயுள்ளவரின் உடல் அதைப் பகையாகக் கருதிப் போர் தொடுக்கிறது. அப்போரில் காயப்படுவது அவருடைய குடலே. உணவின் சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்கிப் போகின்றன. பிறகு எவ்வளவு உண்டாலும் சத்து உடம்பில் ஒட்டாது. இன்றுவரை இதற்குக் கைகண்ட மருந்து இல்லை. குளூட்டனை வாழ்நாள் முழுவதும் அறவே விலக்குவது ஒன்றே மருத்துவம். விலக்கினால் குடல் தானாகவே ஆறிவிடுகிறது. அதுதான் இந்நோயில் உள்ள ஆறுதல்.

இந்த உண்மை கண்டுபிடிக்கப்பட்ட வரலாறும் அறியத்தக்கது. 1888-இலேயே சாமுவேல் ஜீ என்ற ஆங்கில மருத்துவர் இந்நோயை விளக்கி எழுதினார். ஆனால் எந்த உணவு பகை என்பது அவருக்குத் தெரியவில்லை. வில்லெம் கரெல் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவருக்கு ரொட்டியின்மேல் முன்பே ஓர் ஐயம் இருந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், நெதர்லாந்து நாட்டில் கொடிய பஞ்சம் வந்தது. ரொட்டி கிடைக்கவில்லை. ஊரெல்லாம் வாடியபோது, இந்நோயுற்ற பிள்ளைகள் மட்டும் தேறினார்கள்! மீண்டும் ரொட்டி வந்ததும் மீண்டும் நோயுற்றார்கள். டிக்கே 1950-இல் தம் ஆய்வேட்டில் கோதுமையே காரணம் என்று நிறுவினார்.

நம் பகுதியில் இந்நோயின் பெயரைக் கேள்விப்பட்டவர் குறைவு. 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் நம் நாட்டின் மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்டவர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். இந்நோயைக் காட்டும் அடையாளம் வடக்கே 1.23 விழுக்காட்டினரிடமும், வடகிழக்கே 0.87 விழுக்காட்டினரிடமும், தெற்கே 0.10 விழுக்காட்டினரிடமும் காணப்பட்டது. அதாவது தெற்கே ஆயிரத்தில் ஒருவர். ஆயிரத்தில் ஒருவர் என்பது சிறிய கணக்கு என்று தோன்றலாம். அந்த ஒருத்தி நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது.

இனி 2022-ஆம் ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வருகிறேன். எங்கள் ஆச்சியின் ஊர் தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. பெரியப்பா, சித்தப்பா, அத்தை குடும்பங்கள் எல்லாம் அங்கே கூடுவது வழக்கம். தங்கைக்காக அம்மா ஒரு தூக்குவாளியில் தனிச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் கேக்கும், கலகலாவும், முந்திரிக்கொத்தும், நெய் வழியும் கேசரியுமாகத் தின்றுகொண்டிருந்தார்கள். அவள் ஒரு மூலையில் தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பேத்தி இப்படி இருப்பதைப் பார்க்க ஆச்சிக்கு மனம் பொறுக்கவில்லை. அடுக்களைக்குள் கூட்டிப் போய், "ஏட்டி, ஒரு வாய்தானே, தின்னு. ஒங்க அம்மைகிட்ட சொல்லாத" என்று கேசரியை ஊட்டிவிட்டார்கள். கேசரி ரவையில் செய்தது. ரவை என்பது உடைத்த கோதுமையே அல்லவா?

அன்றிரவு வாந்தி தொடங்கியது. பிறகு வயிற்றுவலியும் பேதியும். புத்தாண்டுத் திருப்பலிக்குக்கூட அவளால் எழுந்து வர முடியவில்லை. என்ன தின்றாய், யார் கொடுத்தார்கள் என்று அம்மா மாறி மாறிக் கேட்டும் அவள் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் மட்டும் சொன்னாள்: "அக்கா, சொன்னா ஆச்சிய எல்லாரும் ஏசுவாங்க." எட்டு வயதுகூட நிரம்பாத பிள்ளை, தன்னை நோயில் தள்ளிய அன்பைக் காப்பாற்றுவதற்காக மூன்று நாள் வாய் மூடிக் கிடந்திருக்கிறாள். இதை எழுதும்போதும் என் நெஞ்சு கனக்கிறது.

"ஒரு வாய்தானே!" இச்சொல்லை எத்தனை பேர் எங்களிடம் சொல்லியிருப்பார்கள்! அதற்கு நான் கணக்கால் விடை சொல்கிறேன். ஒரு துண்டு ரொட்டியில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கும். இத்தாலிய மருத்துவர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் உட்கொண்டாலே இந்நோயாளரின் குடல் கெடத் தொடங்குகிறது. ஒரு ரொட்டித் துண்டை நாற்பது பங்காக்கினால் அதில் ஒரு பங்கு! ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அதைக் குளூட்டன் இல்லாத உணவு என்று விற்கக்கூடாது என்பது உலக நாடுகள் பலவும் ஏற்றுக்கொண்ட விதி. நம் நாட்டு விதியும் அதுவே. ஆகவே கோதுமை மாவு படிந்த கரண்டியும், பூரி பொரித்த எண்ணெயும், சப்பாத்தி சுட்ட கல்லும் அவளுக்கு ஆகாதவை. சில நேரம் உடனே வாந்தி வராமலும் போகலாம். அதனால் தீங்கு இல்லை என்பதில்லை. வெளியே தெரியாமலும் குடல் உள்ளே புண்படும்.

அந்த விழாவுக்குப் பிறகு அம்மா ஓராண்டுக் காலம் எந்தக் கூட்டத்துக்கும் எங்களை அழைத்துச் செல்லவில்லை. "வீட்டோடு இருந்தா பிள்ள பொழச்சுக் கெடக்கும்" என்பார்கள். அம்மாமீது எனக்குக் குறையில்லை. ஆனாலும் ஒன்று சொல்வேன். அந்த ஓராண்டில் தங்கையின் எடை கூடியது, கன்னம் சிவந்தது, பேச்சு மட்டும் குறைந்தது. அத்தை மகளின் பிறந்தநாளன்று, "அவங்க எல்லாரும் இப்ப என்ன விளையாடுவாங்க?" என்று என்னைக் கேட்டாள். உடம்புக்கு மருந்து கிடைத்தது. உறவுக்குப் பட்டினி வந்தது.

இங்குதான் என் கருத்து பிறக்கிறது. இப்படிப்பட்ட குழந்தையைக் கொண்ட குடும்பங்களிடம் சுற்றத்தார் இரண்டு வகையாக நடந்துகொள்கிறார்கள். ஒரு சாரார் நோயை நம்பாமல் வற்புறுத்தி ஊட்டுகிறார்கள். மறு சாரார் அஞ்சி, "உனக்கு இங்கே ஒன்றுமில்லை, உன் டப்பாவை எடுத்துக்கொள்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முன்னது உடலைக் கெடுக்கிறது, பின்னது உள்ளத்தை வாட்டுகிறது. மூன்றாவது வழி ஒன்று உண்டு. குழந்தைக்குத் தனி இலை போடுவதை விட்டு, விருந்தையே அவளும் உண்ணத்தக்கதாகச் சமைப்பதுதான் அது.

"ஒரு பிள்ளைக்காக இருபது பேர் நாவைக் கட்ட வேண்டுமா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கோதுமையே அன்றாட உணவாக உள்ள நாடுகளில் இது பெருஞ்சுமையாக இருக்கலாம். நமக்கு அப்படியா? நம் சமையலறையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். சோறு, இட்லி, தோசை, புட்டு, இடியாப்பம், கொழுக்கட்டை, அதிரசம், எல்லாம் அரிசி. பருப்பும், காய்கறியும், மீனும், முட்டையும், பாலும், தேங்காயும் அவளுக்கு நல்லவையே. கேழ்வரகும் கம்பும் சோளமும் ஆகும். மாற்ற வேண்டியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை.

எங்கள் வீட்டார் பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். முதலில் பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பார், இரசம், முறுக்கு என்று எல்லாவற்றிலும் அது நுழைந்துவிடுகிறது. அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது. பொதியின்மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்க வேண்டும். இரண்டாவது, மொறுமொறுப்புக்காக வடையில் சேர்க்கும் ரவையும், வறுவலில் சேர்க்கும் மைதாவும். அரிசி மாவு அந்த வேலையை இன்னும் நன்றாகவே செய்யும். கட்லெட்டின் மேல் தூவும் ரொட்டித்தூளும், பிரியாணிச் சட்டியின் மூடியைச் சுற்றி ஒட்டும் மைதாப் பசையும், சோயா சாஸும், பார்லி மால்ட் கலந்த பானங்களும் கவனிக்கத்தக்கவை. முந்திரிக்கொத்தை மைதாவில் தோய்ப்பாரும் உண்டு, அரிசி மாவில் தோய்ப்பாரும் உண்டு. அரிசி மாவில் தோய்த்தால் எல்லோரும் தின்னலாம். கேசரிக்குப் பதில் பாசிப்பருப்புப் பாயசம் வைத்தால் யார் மனம் கோணுவார்? கேக்கும் அல்வாவும் இருந்தே தீர வேண்டுமென்றால் இருக்கட்டும். அவற்றை வேறு மேசையில், வேறு கத்தி கரண்டியோடு வையுங்கள். தொட்டவர்கள் கை கழுவிவிட்டு வரட்டும். பொரிக்க வேண்டியவற்றுள் மாவில்லாதவற்றைப் புது எண்ணெயில் முதலில் பொரியுங்கள். முதல் பந்தியில் அக்குழந்தைக்கு முதலில் பரிமாறுங்கள். நான் தொடக்கத்தில் சொன்ன பழமொழியின் பொருள் இப்போது விளங்குகிறதன்றோ?

வள்ளுவர் விருந்தோம்பலை 9-ஆம் அதிகாரமாகவும் மருந்தை 95-ஆம் அதிகாரமாகவும் வைத்தார். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே இலையில் வந்து சேர்ந்திருக்கின்றன.

இம்மூன்றாவது வழியை எனக்கு உணர்த்தியது என் தங்கையின் புதுநன்மை. 2024-ஆம் ஆண்டில் அவள் ஞானோபதேச வகுப்பில் சேர்ந்தபோது எங்களுக்கு ஒரு கலக்கம். நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனது. கோதுமையன்றி வேறு மாவில் செய்யலாகாது என்பது திருச்சபையின் சட்டம். அப்படியானால் ஆண்டவரின் பந்தியிலும் என் தங்கைக்கு இடமில்லையா? அம்மா அழுதேவிட்டார்கள்.

பங்குத்தந்தை அவர்கள் பொறுமையாக விளக்கினார்கள். 2003-ஆம் ஆண்டு ஜூலை 24 அன்று, அப்போது விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் தலைவராக இருந்த கர்தினால் இராட்சிங்கர் அவர்கள் (பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட்) இதுகுறித்து ஆயர் பேரவைகளுக்கு மடல் எழுதியிருக்கிறார்கள். குளூட்டனை முற்றிலும் நீக்கிய அப்பம் செல்லாது. ஆனால் மிகக் குறைந்த அளவு குளூட்டன் உள்ள கோதுமை அப்பத்தை ஆயரின் இசைவோடு பயன்படுத்தலாம். அதையும் உட்கொள்ள இயலாதவர் திராட்சை இரசத்தின் வடிவில் மட்டும் நற்கருணை பெறலாம். இரசத்தில் மட்டும் பெற்றாலும் ஆண்டவரை முழுமையாகவே பெறுகிறோம் என்பது நம் விசுவாசம் அல்லவா? 2017-இல் உரோமையிலிருந்து வந்த சுற்றுமடலும் இதையே மீண்டும் உறுதி செய்தது.

எங்கள் பங்கில் அவளுக்கென ஒரு சிறு பாத்திரத்தில் இரசம் தனியே வைக்கப்பட்டது. பெரிய பாத்திரத்தில் குரு அப்பத்தின் ஒரு துணுக்கை இடுவார். ஆகவே அது அவளுக்கு ஆகாது. அருட்சகோதரி ஒருவர் அச்சிறு பாத்திரத்தைத் தாமே கழுவித் துடைத்து, எதுவும் படாதபடி மூடி வைத்ததை நான் பார்த்தேன். வெள்ளை உடையில், மற்றப் பிள்ளைகளோடு அதே வரிசையில் என் தங்கை நின்றாள். திருச்சபை தன் சட்டத்தையும் தளர்த்தவில்லை. ஒரு சிறுமியை வரிசைக்கு வெளியே நிறுத்தவும் இல்லை. சிறிது யோசித்து, ஒரு சிறு பாத்திரத்தை எடுத்து வைத்தது. அவ்வளவே! திருப்பந்தியில் முடிந்தது நம் வீட்டுப் பந்தியில் முடியாதா?

அன்றைக்கு முந்தின வாரம் ஆச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். கேசரி விஷயம் அவர்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. அம்மாவின் அருகில் உட்கார்ந்து நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சரிம்மா, பிள்ளைக்கு என்ன ஆவும், என்ன ஆவாதுன்னு நீ சொல்லு. நான் அதுமாதிரி ஆக்குதேன்" என்றார்கள். அம்மா சொல்லச் சொல்ல, நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாள் இன்றும் ஆச்சியின் அடுக்களைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. புதுநன்மை விருந்தில் நாற்பது பேர் உண்டார்கள். சாம்பாரில் பெருங்காயம் வேறு என்பதையோ, முந்திரிக்கொத்தில் மைதா இல்லை என்பதையோ ஒருவரும் அறியவில்லை. தங்கை அத்தை பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து, தூக்குவாளி இல்லாமல், இலையில் விழுந்ததையெல்லாம் உண்டாள். ஆச்சி பக்கத்தில் நின்று, "இன்னொரு கரண்டி போடட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். இம்முறை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

தோழியரே, நம்மாலும் ஆவது உண்டு. மதிய உணவு வேளையில் பகிர்ந்துண்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ஒரு தோழி மறுத்தால், ஏனென்று கேலி செய்யாதீர்கள், வற்புறுத்தாதீர்கள். பிறந்தநாளுக்குப் பிஸ்கட் கொடுக்கும்போது, அதை உண்ண இயலாதவளுக்கென ஒரு கடலை மிட்டாய் எடுத்து வையுங்கள். விடுதியை நடத்தும் அருட்சகோதரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். புதிதாகச் சேரும் மாணவியிடம், "உனக்கு ஒத்துக்கொள்ளாத உணவு ஏதேனும் உண்டா?" என்று விண்ணப்பப் படிவத்திலேயே ஒரு கேள்வி கேட்டால் பேருதவியாக இருக்கும்.

பெற்றோருக்கு இரண்டு சொற்கள். இக்கட்டுரையைப் படித்துவிட்டு உடனே வீட்டில் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியபின் சோதித்தால் பரிசோதனையில் நோய் தெரியாமல் போய்விடக்கூடும். பிள்ளை வளராமலும், சோகை நீங்காமலும், வயிறு அடிக்கடி கெட்டும் இருந்தால், வழக்கமான உணவை உண்ணும்போதே மருத்துவரிடம் காட்டுங்கள். நோயில்லாதவர் புதுமைக்காகக் கோதுமையை விலக்க வேண்டியதுமில்லை. இன்னொன்று, நோயுள்ள குழந்தையின் உடன்பிறந்தோருக்கும் இது வரும் வாய்ப்பு மற்றவரைவிட அதிகம். எனக்கும் சோதித்தார்கள், இல்லை என்று வந்தது.

நோயுள்ள பிள்ளையின் தாயோ தந்தையோ கூச்சத்தை விட்டு, விருந்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அழைப்பவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல், முன்பே கேட்டுவிட வேண்டும். கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கேட்காமல் ஊட்டிய ஒரு வாய்க்காக ஒரு சிறுமி மூன்று நாள் படுத்துக் கிடந்தாள். ஒரு குடும்பம் ஓராண்டு பிரிந்து கிடந்தது. கேட்டதால் நாற்பது பேர் ஒரே பந்தியில் உண்டார்கள்.

வருகிற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு உங்கள் வீட்டு அடுப்பை மூட்டுமுன், வரப்போகும் பிள்ளைகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். எங்கள் ஆச்சி கேட்ட அந்தக் கேள்வியை நீங்களும் கேளுங்கள். கேட்டுச் சமைப்போம், கேட்டுப் பரிமாறுவோம்!